காஜா அக்காவின் முக்கால் மணி நேரம்

காஜா அக்காவுக்கு உட்காரத் தெரியாது என்று அந்தத் தையல் ஆலையில் எல்லோரும் சொல்வார்கள். எட்டு மணி நேரம் மிஷின் முன்னால் உட்கார்ந்தே சம்பாதிக்கிறவளைப் பற்றி இப்படியொரு பேச்சு. ஆனால் சாப்பாட்டு மணி அடித்த பிறகு அவளைப் பார்த்தவர்களுக்கு அது பொய்யில்லை என்று தெரியும். மற்றவர்கள் டப்பாவைத் திறந்து காலை நீட்டும்போது, அவள் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு யாருக்காவது தண்ணீர் பிடித்துக் கொடுப்பாள். தரையில் கிடக்கும் நூல் பிசிறைப் பொறுக்குவாள். அடுத்தவள் மிஷினுக்கும் சேர்த்து எண்ணெய் விடுவாள். சட்டைக்குப் பித்தான் துளை போடுகிற காஜா மிஷினில் இருபத்திரண்டு வருஷம். அதில் வந்த பெயர்தான் இது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது.

"கால்ல சக்கரம் கட்டிக்கிட்டே பொறந்தியாக்கா?" என்று பாக்கிங் பிரிவுத் தோழி கேட்பாள்.

"கழட்டி வைக்க எடம் இல்லடி" என்பாள் இவள்.

வீட்டுக்குப் போனாலும் அதே ஓட்டம்தான். கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வேலை நேரம் வாரத்துக்கு ஒரு தினுசு. மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். மாமனார் ஒரு காலத்தில் வீடுகளுக்கு வர்ணம் அடித்தவர். மூன்று மாடிக்குச் சாரம் கட்டி ஒற்றைக் காலில் நின்று வேலை செய்தவர். ஒன்றரை வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் தளர்ந்துபோயின. அவருக்கு மாத்திரை, அவருக்குக் குளியல், அவர் எழுந்தால் கை, உட்கார்ந்தால் தலையணை. காஜா அக்கா ஆலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் அறையை எட்டிப் பார்ப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அது நடந்தது. இடது பக்கத்தில் விழ வேண்டிய துளைகள் வலது பக்கத்தில் விழுந்திருந்தன. ஒன்றிரண்டல்ல, முப்பத்தெட்டு சட்டைகள். தையல் என்றால் பிரித்துத் தைக்கலாம். காஜா அப்படியில்லை. மிஷினின் சின்னக் கத்தி வெட்டியது வெட்டியதுதான். சூப்பர்வைசர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

அவளுக்கு எந்த நினைவும் இல்லை. கை ஓடியிருக்கிறது, அவள் எங்கோ இருந்திருக்கிறாள். காதில் வண்டு பறக்கிற மாதிரி ஒரு சத்தம். நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது.

முதலுதவி அறையில் இருந்த நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். ரத்த அழுத்தம் நூற்று ஐம்பத்திரண்டு.

"ராத்திரி தூங்குறீங்களா?"

"படுக்குறேன்."

"அதைக் கேக்கலை. சரி, ஒரு நாளைக்கு உங்களுக்குன்னு என்ன பண்றீங்க?"

காஜா அக்கா யோசித்தாள். "எனக்குன்னா... குளிக்கிறேன். அதுவும் தண்ணி நின்னுடுமோன்னு அவசரத்துல."

நர்ஸம்மா சிரித்துவிட்டு, மணிக்கட்டை எப்படிச் சுழற்ற வேண்டும், தண்ணீரை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அரசு மருத்துவமனையில் காட்டச் சொன்னாள். அங்கே டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி, இரண்டு மாதம் பார்க்கலாம், இறங்காவிட்டால் மாத்திரை என்றார். ஆனால் காஜா அக்காவின் மனதில் தங்கியது நர்ஸம்மா கடைசியில் சொன்னதுதான். "தெனமும் அரைமணி நேரம் சும்மா இருங்க. நயா பைசா செலவு கிடையாது."

செலவில்லாததுதான் பெரும்பாடாக இருந்தது.

முதல் நாள் வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை வைத்து உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "அம்மா, அந்த பக்கெட்டா? எனக்குத் துணி ஊற வைக்கணும்" என்று மகள் வந்து நின்றாள். மறுநாள் மொட்டை மாடிக்குப் போனாள். காய்ந்த துணி கண்ணில் பட்டது. மடித்தாள். பக்கத்து வீட்டுத் துணியும் கண்ணில் பட்டது. அதையும் மடித்தாள். அதற்கு மறுநாள் அறையில் கதவைச் சாத்தி உட்கார்ந்தபோது, மாமனார் இருமுகிறாரா, இருமவில்லையா என்று காது கதவிலேயே ஒட்டிக்கொண்டது. பூங்காவுக்கும் ஒரு நாள் போய்ப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் தன் மூன்றாவது சுற்றில் நின்று, "யாருக்காகவாவது வெயிட் பண்றீங்களாம்மா?" என்று கேட்டார். ஏதோ திருடிவிட்டுப் பிடிபட்டவள்போல எழுந்து வந்துவிட்டாள்.

ரயில் நிலையம் தற்செயலாகக் கிடைத்தது. பாக்கிங் தோழி தன் மகளைப் பார்க்க வெளியூர் புறப்பட்டாள். பை கனம். ஒரு பக்கத்து வாரைப் பிடித்துக்கொண்டு காஜா அக்காவும் பிளாட்பாரம் வரை போனாள். வண்டி கிளம்பியது. கையசைத்தவர்கள் கலைந்தார்கள். செருப்புக்குள் ஏதோ உறுத்தியது. தட்டிப் போடலாம் என்று சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது இருபது நிமிடம் போயிருந்தது.

ஒருவரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை. ரயில் நிலையத்தில் பையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் காரணம் முன்கூட்டியே இருக்கிறது. யாரையோ ஏற்றிவிட வந்திருக்கிறாள், யாரையோ அழைத்துப் போக வந்திருக்கிறாள், இல்லை வண்டி தாமதம். பிளாட்பார டிக்கெட்டின் விலை ஒரு டீயைவிடக் குறைவு. அவள் மாலை டீயை நிறுத்தினாள்.

ஐந்து மணிக்கு ஆலை விடும். ஐந்தே காலுக்குப் பெஞ்சு, ஆறு மணிக்கு பஸ். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவைத்தாள். மகள் ஐந்தே காலுக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கிளம்பிவிடுவாள். அதன் பிறகு காஜா அக்கா வந்து சேரும்வரை மாமனார் தனியாக இருப்பார். பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் ஒரு எட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். அப்படியும் அந்த முக்கால் மணி நேரத்தில் முக்கால்வாசி அவளுக்கு அந்த நினைப்பிலேயே போனது.

பெஞ்சில் உட்கார்ந்தாலும் முழங்கால் தானாக ஆடியது. முதல் வாரம் கைப்பையைக் கொட்டிச் சுத்தம் செய்தாள். கூரையில் எத்தனை தகடு என்று எண்ணினாள். ஒலிபெருக்கியில் தாமதம் என்று அறிவித்தால், போகாத வண்டிக்காக அவளுக்குப் பதற்றம் வந்தது. இரண்டாம் வாரம் செருப்பைக் கழற்றி, அதன் மேலேயே பாதங்களை வைத்துக்கொண்டாள். மணிக்கட்டைச் சுழற்றினாள். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தாள். ஒரு நாள் சரக்கு வண்டி ஒன்று போய் முடிகிறவரை அவள் எதையுமே நினைக்கவில்லை. வண்டி போன பிறகுதான் அது தெரிந்தது. உடனே பயமும் வந்தது: வீட்டில் ஏதாவது ஆகியிருக்குமோ.

ஆறாவது வாரம் ஆகியே விட்டது.

அன்று பஸ்ஸில் ஏறி கைபேசியை எடுத்தால், பதில் சொல்லாத அழைப்புகள் ஏழு. ரயில் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. திருப்பி அடித்தால் யாரும் எடுக்கவில்லை. வீடு வரையிலான மூன்று நிறுத்தங்களும் முன்னூறு மைலாக நீண்டன. வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்மணி நின்றிருந்தாள். உள்ளே மாமனார் நாற்காலியில்; முழங்கையில் தோல் உரிந்து மருந்து போட்டிருந்தது. முகத்தில் வலி தெரியவில்லை. தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம்தான் தெரிந்தது.

கணவர் பணிமனை உடுப்போடு நின்றிருந்தார்; வகுப்பிலிருந்து ஓடி வந்த மகள் அவர் பக்கத்தில்.

"எங்க போயிருந்த?"

"ஓவர்டைம்..."

"ஆலைக்குப் போன் பண்ணேன். அஞ்சு மணிக்கே கிளம்பிட்டாங்கன்னு சூப்பர்வைசர் சொல்றான். ஓவர்டைமே ரெண்டு மாசமா இல்லையாம்."

பக்கத்து வீட்டுப் பெண்மணி அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து போய்விட்டாள்.

"ஸ்டேஷன்ல இருந்தேங்க."

"எந்த ஸ்டேஷன்? போலீஸா?"

"ரயில்வே ஸ்டேஷன்."

"யாரு வந்தா?"

"யாரும் வரல."

"யாரு போனா?"

"யாரும் போகலைங்க. சும்மா உக்காந்திருந்தேன்."

அவர் அவளையே பார்த்தார். இருபத்தோரு வருஷத்தில் அவள் சும்மா உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. அதனால்தான் நம்ப முடியவில்லை. "வீட்ல உக்கார எடமா இல்ல?" என்றார். குரல் கோபத்திலிருந்து வேறெங்கோ சரிந்திருந்தது.

"எடம் இருக்கு. உக்காரத்தான் முடியல." மாமனாரின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "நான் இருந்திருந்தா மாமா விழுந்திருக்க மாட்டாரு. தப்புதான். இனிமே நேரா வந்துடறேன்."

"வராத" என்றார் மாமனார்.

எல்லோரும் திரும்பினார்கள். அவருக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"நான் விழல. படி எறங்கினேன். மூணாவது படியில... வழுக்கிடுச்சு."

"தனியா எதுக்குப்பா எறங்கினீங்க?" என்றார் கணவர்.

"தனியா இருந்தாத்தானே எறங்க முடியும். இவ இருந்தா கையைப் புடிச்சுக்குறா. புள்ள இருந்தா, தாத்தா உக்காருங்குது. நீ இருந்தா சத்தம் போடுற. எல்லாரும் என்னையே பாத்துட்டு இருந்தா... நான் எப்ப நடக்குறது?"

நல்ல கையால் சுவரைக் காட்டினார். மகள் கட்டிலை நகர்த்தினாள். இடுப்பு உயரத்தில் பென்சில் கோடுகள், பழைய வர்ணக்காரர் கையின் நேர்த்தியோடு, கட்டிலருகில் தொடங்கி வாசல் நிலை வரை போயின. ஒரு நாளைக்கு ஒரு கோடு. எதுவரை போனாரோ அங்கே ஒன்று. முதல் கோடுகள் நெருக்கமாக இருந்தன. பிறகு இடைவெளி அகன்றது. காஜா அக்கா எத்தனை கோடு என்று எண்ணவில்லை. எப்போதிலிருந்து என்பது அவளுக்குத் தெரியும். அவள் பெஞ்சில் உட்கார்ந்து இவருக்காகப் பதறிக்கொண்டிருந்த அதே முக்கால் மணி நேரத்தில், இவர் அவள் வந்துவிடுவாளோ என்று பதறிக்கொண்டு நடந்திருக்கிறார்.

"அவளுக்கும் லீவு. எனக்கும் லீவு" என்றார் மாமனார். "கெடுத்துடாதடா."

அன்று ராத்திரி கணவர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். இரண்டு நாள் கழித்து ஒரு யோசனை சொன்னார். ஸ்டேஷனெல்லாம் எதற்கு, வீட்டிலேயே ஓர் அறையில் அவள் உட்காரட்டும், யாரும் தொந்தரவு செய்யக்கூடாது. செய்தும் காட்டினார். டிவியை நிறுத்தி, மகளை அதட்டி, கதவுக்கு வெளியே காவலுக்கு நின்றார். உள்ளே உட்கார்ந்திருந்த காஜா அக்காவுக்கு வெளியே அவர்கள் கிசுகிசுப்பது கேட்டது. "உப்பு எங்கடி இருக்கு?" "அம்மாகிட்டதான் கேக்கணும்." "கேக்கக் கூடாதுன்னேன்ல." பத்தாவது நிமிடம் அவளே கதவைத் திறந்து உப்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். "ஸ்டேஷனுக்கே போ" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பணிமனையிலிருந்து ஒரு பழைய கம்பியைக் கேட்டு வாங்கி வந்தார். கழித்துப்போட்ட பேருந்தில் பயணிகள் பிடித்துக்கொள்கிற நீளக் கம்பி. அதைச் சுவரோரமாகக் கட்டிலிலிருந்து வாசல் வரை பொருத்தினார். மூன்று படிக்கும் ஒரு துண்டு. மாமனார் அதைப் பிடித்து நடந்தபோது மகள், "தாத்தா, டிக்கெட் எடுத்தாச்சா?" என்றாள். அவர் நின்று, மூச்சு வாங்கி, "பாஸ்" என்றார்.

இரண்டு மாதக் கெடு முடிந்து மருத்துவமனையில் பார்த்தபோது நூற்று நாற்பத்து நாலு. இறங்கியிருக்கிறது, ஆனால் போதாது என்று டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதினார். காஜா அக்காவுக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு உட்கார்ந்தும் எட்டுதானா. நர்ஸம்மாவிடம் அதைச் சொன்னபோது, "மாத்திரையும் போடுங்க, உக்காரவும் உக்காருங்க. ஒண்ணுக்கு ஒண்ணு சக்களத்தி இல்ல" என்றாள்.

இப்போது ஓவர்டைம் என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படபடப்பு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. சில நாட்களில் முழங்கால் இன்னும் ஆடுகிறது. சில நாட்களில் முக்கால் மணி நேரமும் நாளைய சமையலிலேயே போகிறது. மழை பெய்தால் கூரை ஒழுகி பெஞ்சு நனைந்துவிடும். தூணோரம் நின்றுவிட்டு வருவாள். நிற்பது அவளுக்குப் பழக்கம்தானே.

போன வாரம் ஒரு பெண் வந்து பக்கத்தில் பெரிய பெட்டி ஒன்றையும் இரண்டு பைகளையும் இறக்கினாள். "கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா, போய் சாப்பாடு வாங்கிட்டு வந்துடறேன்" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் திரும்பியும் விட்டாள்.

"இல்லம்மா" என்றாள் காஜா அக்கா. "என்னால முடியாது."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். காஜா அக்கா பக்கத்தில் பையைத் தவிர ஒன்றுமில்லை. செருப்பின் மேல் பாதம், மடியில் தண்ணீர் பாட்டில். காரணம் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சாமான்களைத் தூக்கி அடுத்த பெஞ்சில் இருந்த பெரியவரிடம் போனாள். அவர் தலையாட்டினார்.

காஜா அக்காவின் நெஞ்சு திடும் திடும் என்று அடித்தது. காது சூடேறியது. என்ன பெரிய வேலை, பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதானே. கூப்பிட்டுவிடலாமா? பாதி எழுந்தாள். பெரியவர் பெட்டியின் மேல் கையை ஊன்றியபடி கண்ணயர்ந்துகொண்டிருந்தார். தூங்கிவிடுவாரோ என்று பார்த்தாள். இன்னும் கொஞ்சம் எழுந்தாள்.

பிறகு உட்கார்ந்தாள். மணி ஐந்து நாற்பத்தொன்பது. இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.