ஸ்ட்ரைக் பிறந்த கதை

நான்காம் வகுப்பில் என்னை மிஞ்சிய பேச்சாளர் திருவொற்றியூரிலேயே கிடையாது. இதை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

ஆண்டு விழாவில் ஆளுக்கொரு இங்கிலீஷ் சொல்லை எடுத்து, அது பிறந்த கதையைத் தமிழில் சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். மற்ற பிள்ளைகள் பஸ், டேபிள் என்று போனார்கள். நான் ‘ஸ்ட்ரைக்’ என்றேன். எங்கள் தெரு ஆண்கள் வேலை செய்த கன்டெய்னர் யார்டில் அப்போது ஸ்ட்ரைக் நடந்துகொண்டிருந்தது.

அகராதியைப் புரட்டி, டீச்சரை நச்சரித்துக் கதையைப் பிடித்தேன். அந்தச் சொல்லுக்கு ஆதியில் தடவுவது என்று பொருளாம். பிறகு அடிப்பது என்றாகி, கப்பல்காரர்கள் பாயை இறக்குவதற்கும் அதையே சொன்னார்களாம். ஒருமுறை கூலி போதாமல் லண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் பாய்களை இறக்கிவிட, கப்பல்கள் நின்றன. வேலைநிறுத்தத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. இதையெல்லாம் மேடையில் முழங்கியதும் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அந்தச் சூட்டில் மனப்பாடம் செய்யாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்.

“எங்க நைனாவும் ஸ்ட்ரைக்குதான். ஆனா சோம்பேறியா குந்திகினு இருக்கமாட்டாரு. தெனம் விடியறதுக்குள்ள டிப்பன் பாக்ஸ எடுத்துகினு யார்டுக்குப் பூடுவாரு!”

கைதட்டல் பாதியில் நின்றது. கூட்டத்தில் நைனாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, அவரோடு ஒரே கிரேனில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு மாமா மெதுவாகத் திரும்பினார்.

“இன்னா மாமு, டிப்பன் பாக்ஸா?”

நைனா தரையைப் பார்த்தார். யார்டு வாசலில் ஸ்ட்ரைக் பந்தல் போட்டால், எல்லாருக்கும் ஒரே அண்டாவில்தான் சோறு. வீட்டுச் சோறு கட்டிக்கொண்டு போகிறவர் பின்கேட் வழியாக வேலைக்குப் போகிறவர். நைனாவோ இடுப்புப் பிடிப்பென்று சொல்லி, பகலெல்லாம் வீட்டில் படுத்திருப்பதாக நம்பவைத்திருந்தார். வேலையை நிரந்தரம் ஆக்குவதாக சூப்பர்வைசர் ஆசை காட்டியிருந்ததை நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில், “நல்லா பேசுனனா நைனா?” என்றேன்.

“நல்லாத்தான் பேசுன கண்ணு. இத்தினி நாளா எனக்குதான் வாய் வரல.”

மறுநாள் நன்றாக விடிந்த பிறகுதான் நைனா கிளம்பினார், தெரு நடுவாக, வெறுங்கையோடு. ஐயோ, மறந்துவிட்டாரே என்று டிப்பன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பந்தலில் யாரும் அவரோடு பேசவில்லை. பக்கத்து வீட்டு மாமா எழுந்து வந்து என் கையிலிருந்ததை வாங்கித் திறந்தார். ஒரு கவளம் எடுத்துத் தின்றுவிட்டு அடுத்தவரிடம் நீட்டினார். டப்பா கைக்குக் கை போய்க் காலியானது. பிறகு அண்டாவிலிருந்து ஒரு தட்டு சோறு அள்ளி நைனாவிடம் கொடுத்து, “குந்து மாமு” என்றார்.

எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடி, “நைனா சோத்த எல்லாரும் துன்னுட்டு, அவருக்கு அண்டா சோறு குடுத்தாங்கம்மா!” என்று மூச்சிரைக்கப் புகார் சொன்னேன்.

அம்மா அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு டப்பா சோற்றுக்கா இத்தனை அழுகை, இன்னொரு படி அரிசி போட்டால் போயிற்று என்று நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன்.