பேர் வெட்டிய சாமான்கள்

நந்தினி இறந்து பதினெட்டாம் நாள் ராஜமாணிக்கம் வீட்டுக்கு வந்தான். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்துகிறவன். பி.காம். முடித்த கையோடு நந்தினி இரண்டு வருஷம் அவனிடம்தான் வேலை பார்த்தாள். முந்தாநாள் காரியத்துக்கும் வந்து சாப்பிடாமல் போயிருந்தான். மறுபடி எதற்கு வந்திருக்கிறான் என்று நந்தினியின் அம்மா திரௌபதி கேட்கவில்லை. அந்த நாட்களில் யார் வந்தாலும் எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. பாயை விரித்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ராஜமாணிக்கம் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அக்கா, பாப்பா ஒரு இமெயில் குரூப் நடத்திட்டிருந்துச்சி. உங்ககிட்ட சொல்லியிருக்குமான்னு தெரில."

சொன்னதில்லை. அவனே விளக்கினான். ஆசிரமத்தைச் சுற்றி வாடகைக்கு இருக்கிறவர்களில் பாதிப் பேர் நாலு மாசம், ஆறு மாசம் என்று வந்து போகிறவர்கள். வந்ததும் மிக்ஸி வேண்டும், ஸ்டவ் வேண்டும், குக்கர் வேண்டும். போகும்போது அதையெல்லாம் யார் தலையிலாவது கட்ட வேண்டும். அதே தெருக்களில், வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் இறக்குகிற அண்டாவைப் பரணில் போட்டு வைத்திருக்கிற வீடுகளும் இருந்தன. கவுண்டரில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துப் புலம்பலையும் கேட்டுக்கொண்டிருந்த நந்தினி, ஒருநாள் எல்லோருடைய மெயில் முகவரியையும் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்துவிட்டாள். சாமான் தேவைப்படுகிறவர் குழுவுக்கு எழுத வேண்டும். வைத்திருப்பவர் பதில் போடுவார். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத் திருப்பித் தர வேண்டும். வாடகை கிடையாது. முகம் தெரியாத ஆளைச் சேர்ப்பதில்லை. உள்ளே இருக்கிற ஒருவர் 'இவரை எனக்குத் தெரியும்' என்று சொன்னால்தான் உண்டு. முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள்.

"எல்லாம் பாப்பா ஐடிக்குத்தான் வருது. விஷயம் தெரியாதவங்க எழுதிக்கிட்டே இருக்காங்க. மூடிடட்டுமா, இன்னா பண்றதுன்னு உங்களைக் கேக்காம செய்ய மனசு வரல."

"இன்னா கேட்டு எழுதியிருக்காங்க?"

அவன் தாளைப் பிரித்தான். 'அன்புள்ள நந்தினி' என்று தொடங்கியிருந்தது. ஊரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், இரண்டு வாரத்துக்கு யாரிடமாவது மிக்ஸி கிடைக்குமா என்று ஒரு பெண் கேட்டிருந்தாள்.

திரௌபதி உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

"மிக்ஸி இங்க இருக்குது. வந்து எடுத்துக்கச் சொல்லு."

அந்த உள்ளறையில் நந்தினியின் சீர்சாமான் முழுவதும் இருந்தது. தையில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூர், திரௌபதியின் பிறந்த ஊர்தான். பெண் பிளஸ் டூ படிக்கும்போதே தொடங்கி ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது: தேக்குக் கட்டில், பீரோ, கிரைண்டர், மிக்ஸி, குக்கர், இட்லி குண்டான், குடங்கள், தவலை, தட்டுகள், டம்ளர்கள். பாத்திரக் கடையில் ஒவ்வொன்றிலும் மிஷினை வைத்துப் புள்ளி புள்ளியாக 'அ. நந்தினி' என்று பேர் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். 2003 ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. புதன்கிழமை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் முடிந்துவிட்டது. இருபத்திரண்டு வயது.

திரௌபதி அழவில்லை. பிணம் வந்தபோதும் இல்லை, எடுத்தபோதும் இல்லை. அவளை அணைத்து உலுக்கிப் பார்த்தார்கள். ஒப்பாரி வைத்த பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நடுவில் நிறுத்தினார்கள். 'கல்லு மாரி குந்தினிருக்கா' என்று பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. அது தன்னைப் பற்றியதுதான் என்று புரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

புருஷன் அப்பாசாமி தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம், 1989-ல், இந்த மனையை வாங்கி இரண்டு அறை கட்டியவர். மிக்ஸி போன அன்று டூட்டி முடிந்து வந்தவர் உள்ளறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தார்.

"மிக்ஸி எங்க?"

"குடுத்துட்டேன். ரெண்டு வாரம் கழிச்சி வரும்."

"பாப்பாவோட சீருடி அது."

"தெரியும்."

"ஒரு மாசம்கூட ஆவல. உனக்கு எப்படி மனசு வந்துச்சி?"

அவள் யோசித்துப் பார்த்தாள். மனசு வந்தது, வரவில்லை என்று எதையும் சொல்ல முடியவில்லை. "கேட்டாங்க, குடுத்தேன்" என்றாள். அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவள் சாப்பாட்டை மூடி வைத்தாள்.

மிக்ஸி சொன்ன தேதிக்கு வந்தது, பாலித்தீன் பையில், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அதற்குள் கிரைண்டரைக் கேட்டு ஒரு மெயில் வந்திருந்தது.

திரௌபதி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். காலை சமையல் முடிந்ததும் பத்து மணிக்கு சென்டருக்குப் போய் ராஜமாணிக்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் மாதம் அவன் படித்துச் சொல்லி, அவள் சொன்னதை அடித்தான். பிறகு அவளே ஒற்றை விரலால் தட்டினாள். 'இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளவும்.' 'இப்போது வேறு வீட்டில் இருக்கிறது. புதன்கிழமை வரும்.' எல்லாப் பதிலும் அவ்வளவுதான். கரண்ட் போனால் யு.பி.எஸ். பேட்டரி கத்துகிற வரைக்கும் உட்கார்ந்திருந்து, அப்புறம் எழுந்து வீட்டுக்குப் போவாள். செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. அது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

பழைய ஆட்களுக்கு ராஜமாணிக்கம் விஷயத்தைச் சொன்னான். அவர்களில் பலர் அந்த வெயில் காலத்தோடு ஊரைவிட்டுப் போனார்கள். அடுத்த கார்த்திகைக்கு வந்த புது ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு மெயிலில் இருந்த பேர் நந்தினி. கையில் வந்த பாத்திரத்தில் இருந்த பேரும் நந்தினி. வாசலில் வந்து நிற்பவர்கள் திரௌபதியைப் பார்த்து, "நந்தினி அம்மாவா?" என்று கேட்டார்கள். நந்தினியின் அம்மாவா என்று கேட்கிறார்கள் என எடுத்துக்கொண்டு முதலில் தலையாட்டினாள். பேரே அதுதான் என்று நினைக்கிறார்கள் எனப் பிறகு தெரிந்தது. அப்போதும் தலையாட்டினாள். திருத்துவதென்றால் முழுக்கதையும் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளையாக இருந்த பையனுக்கு அடுத்த ஆவணியில் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. தகவலைக் கொண்டுவந்த சொந்தக்காரி திரௌபதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாருக்கட்டும்" என்று திரௌபதி முறத்தில் அரிசியைத் தள்ளினாள்.

சாமான்கள் போவதும் வருவதுமாக இருந்தன. புனேயிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு அம்மாள், குக்கரில் தண்ணீர் வைக்க மறந்து அடியைக் கருக்கிவிட்டார். புதுசு வாங்கிக்கொண்டு, கருகியதையும் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று அழுதார். "உங்க கல்யாணத்துக்குக் குடுத்ததா? பேர்கூட வெட்டியிருக்கே" என்று தெரிந்த தமிழில் கேட்டார். திரௌபதி அவரை உட்காரவைத்து காபி கொடுத்தாள். ஒரு குக்கருக்கு இப்படி அழ முடிகிறதே என்று அந்த அம்மாளைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தாள். போன பிறகு கருகிய குக்கரைத் தேய்த்தாள். பாதி போயிற்று. பாதி போகவில்லை. அதைச் சுடுதண்ணிக்கு வைத்துக்கொண்டாள்.

உள்ளறை மெல்ல மெல்லக் காலியானது. பீரோவையும் கட்டிலையும் தவிர எல்லாமே வெளியில் சுற்றியது. அப்பாசாமி அந்த அறைப் பக்கம் போவதை விட்டுவிட்டார். வீட்டில் பேச்சு கம்மியாகி, ஒரு கட்டத்தில் சாப்பாடு, டூட்டி, தண்ணி வந்ததா என்பதோடு நின்றது.

2006 ஆடியில் கட்டிலைக் கேட்டு மெயில் வந்தது. எழுதியவர் இராமலிங்கம், சென்னையில் தபால் இலாகாவில் இருந்து ரிடையர் ஆனவர், எழுபது வயது. மனைவி இல்லை. ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். தரையில் படுத்து முட்டி பிடித்துக்கொள்கிறது, ஒரு கட்டில் இருந்தால் நல்லது என்று எழுதியிருந்தார். கட்டிலை அதுவரை யாரும் கேட்டதில்லை. திரௌபதி வழக்கம்போல 'இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளவும்' என்று தட்டினாள். ஆட்கள் வந்து தூக்கிப் போனபோது அப்பாசாமி டூட்டியில் இருந்தார். வந்ததும் ஒன்றும் கேட்கவில்லை.

இராமலிங்கம் மாசத்துக்கு ஒருமுறை மெயில் போட்டார். 'நந்தினிக்கு ஆசீர்வாதம். கட்டில் சௌக்கியமாக இருக்கிறது, நானும்.' திரௌபதி அவற்றுக்குப் பதில் எழுதியதில்லை. அவற்றில் எந்தச் சாமானும் கேட்கவில்லையே.

ஒன்றரை வருஷம் கழித்து, மாசியில், அவர் அந்தக் கட்டிலிலேயே தூக்கத்தில் போய்விட்டார். சேதி மெயிலில்தான் வந்தது. புனே அம்மாள் எழுதியிருந்தார். திரௌபதி அங்கே போனபோது குழுவைச் சேர்ந்த ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றிருந்தார்கள். சென்னையிலிருந்து மகன் வரும்வரை காத்திருந்தார்கள். உடம்பைத் தரையில் இறக்கிக் கிடத்தியிருந்தார்கள். கட்டிலை வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள்.

புனே அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நந்தினி, எங்களுக்கு ரொம்ப சங்கடமா இருக்கு. உங்க கல்யாணக் கட்டில். இனிமே வீட்டுல போட மாட்டீங்க. நாங்க எல்லாரும் சேர்ந்து புதுசு வாங்கித் தர்றோம்."

திரௌபதி கட்டிலைப் பார்த்தாள்.

"என் கல்யாணத்துது இல்லிங்க" என்றாள். "என் பொண்ணோடது. நந்தினின்றது அவ பேரு. செத்துட்டா. நாலு வருஷம் ஆச்சி. என் பேரு திரௌபதி."

புனே அம்மாள் பிடித்த கையை விடாமல் நின்றார். 'செத்துட்டா' என்ற வார்த்தையை அதுவரை சொன்னதில்லை என்பது திரௌபதிக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். தன் வாயால் சொல்ல வேண்டி வந்ததில்லை. சொன்ன பிறகும் வெயில் அப்படியேதான் அடித்தது. சாய்த்திருந்த கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

அடுத்த வாரத்தில் சாமான்கள் ஒவ்வொன்றாக வாசலுக்கு வரத் தொடங்கின. யாரும் கேட்காமலே கொண்டுவந்தார்கள். பளபளவென்று தேய்த்து, பேர் வெட்டிய இடத்தைக்கூடப் புளி போட்டு விளக்கி, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். தெரியாமல் எடுத்துப் புழங்கிவிட்டோம் என்றார்கள். திரௌபதி ஒவ்வொருவரிடமும் அதையே திருப்பிக் கொடுத்தாள்.

"வேலை முடிஞ்சிதா?"

"இல்ல, ஆனா..."

"அப்ப முடிச்சிட்டுக் குடுங்க."

குழுவுக்கு அவளே ஒரு மெயில் எழுதினாள். ராஜமாணிக்கம் உதவட்டுமா என்றான். வேண்டாமென்றாள். முக்கால் மணி நேரம் பிடித்தது. 'குழு எப்போதும் போல நடக்கும். சாமான் எப்போதும் போலக் கிடைக்கும். இனி திரௌபதி என்று எழுதவும்.'

கட்டில் மட்டும் திரும்பி வந்து வீட்டுக்கு வெளியே வாசலில் நின்றது. அப்பாசாமி அதைக் கீழ்பென்னாத்தூருக்கு லாரியில் ஏற்றி அவள் பிறந்த வீட்டில் விறகுக்குப் போட்டுவிடலாம் என்றார். இருபது நாள் அது வெயிலில் கிடந்தது.

பங்குனியில் கவிநிலா என்ற பெண்ணிடமிருந்து மெயில் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். போளூரிலிருந்து மாற்றலாகி வந்து அறை எடுத்திருந்தாள். புனே அம்மாள்தான் சேர்த்துவிட்டிருந்தார். கட்டில் கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். திரௌபதி அன்று தட்டிய பதில் நீளமானது. 'கட்டில் இருக்கிறது. ஆனால் அதில் ஒருவர் இறந்துபோனார். யோசித்துச் சொல்லவும்.'

மறுநாள் காலை டூட்டிக்குப் போகிற வழியில், சீருடையோடு அந்தப் பெண்ணே வந்துவிட்டாள்.

"பரவால்லம்மா. ஆஸ்பத்திரியில எல்லாக் கட்டிலும் அப்டித்தான். அடுத்தவங்க படுக்கறதில்லியா?"

அப்பாசாமி உள்ளே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். இருபத்திமூன்று, இருபத்திநாலு இருக்கும்.

"ரூமு எந்தத் தெருவும்மா?" என்றார். "சாயங்காலம் நானே கொண்டாந்து போடறேன்."

திரௌபதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் டூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

சொன்னபடி நாலு மணிக்கே வந்தார். மூணு சக்கர வண்டி ஒன்றைப் பேசிக் கூட்டி வந்திருந்தார். கட்டிலைக் கழற்றி, சட்டங்களை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினார். வண்டி முன்னால் போக, இருவரும் பின்னால் நடந்தார்கள். கவிநிலாவின் அறையில் அவரே கால்களைப் பொருத்தி, ஆடுகிறதா என்று நாலு மூலையிலும் அழுத்திப் பார்த்தார். ஒரு மூலை ஆடியது. அட்டையை மடித்துக் கீழே கொடுத்தார். அந்தப் பெண் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

செங்கம் ரோட்டில் ஏறியதும் அப்பாசாமி நின்றார். சுவரோரம் திரும்பிக்கொண்டு துண்டை வாயில் வைத்து அழுதார். தோள் குலுங்கியது. ஆட்டோக்களும் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்தன. அதில் அவர் கம்பெனி பஸ்ஸும் ஒன்று. திரௌபதி பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் முதுகில் கை வைத்தாள். சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. அவர் முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

"போலாமா?" என்றார் கடைசியில்.

"போலாங்க."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவர், "அந்தக் கட்டிலுக்கு நாலாவது காலு மாத்தணும். ஆசாரிகிட்ட சொல்றேன்" என்றார்.

"ஞாயித்துக்கெழமை அந்தப் பொண்ணுக்கு லீவாம்" என்றாள் திரௌபதி. "அன்னிக்குக் கூட்டிட்டுப் போங்க."