தேயிலை மரமும் என் சந்தேகமும்

ஆறாம் தரத்தில் எங்களுக்கு விஞ்ஞானம் எடுக்க வந்த சேர் வெளியூர்க்காரர். முதல் நாளே கேள்வி கேட்கும் முறையைச் சொல்லித்தந்தார். கையை உயர்த்த வேண்டும். பாடம் முடியும்வரை பொறுக்க வேண்டும். ஆசிரியரிடம் ‘பிழை’ என்று சொல்லவே கூடாது. ‘எனக்கு ஒரு சந்தேகம்’ என்றுதான் தொடங்க வேண்டும். எனக்கு இதெல்லாம் மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு சந்தேகம் வராதா என்று காத்துக் கிடந்தேன்.

வந்தது. ‘தேயிலை ஒரு செடி. இடுப்பளவுக்கு மேல் வளராது’ என்று கரும்பலகையில் எழுதினார். பாடம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.

“எனக்கு ஒரு சந்தேகங்க சேர். தேயிலை மரமில்லீங்களா?”

உண்மையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டாமல் விட்டால் அது மரமாகிவிடும். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் தோட்ட நிர்வாகம் கைவிட்ட மலை முழுக்க அப்படித்தான் நிற்கிறது. வகுப்பே சிரித்தது, எல்லாம் அதே லயத்துப் பிள்ளைகள்தான், வெட்கங்கெட்டதுகள். சேர் சிரிக்கவில்லை. யார் சொன்னது என்று கேட்டார்.

“எங்கப்பா. அவருதாங்க கவ்வாத்து வெட்டுறவரு.”

“சரி, பின்னேரம் வந்து அவரிட்டயே கேக்கிறன்.”

சொன்னபடி வந்தார். அப்பா அப்போதுதான் வேலை விட்டு வந்திருந்தார். தேயிலை மரமா செடியா என்று சேர் மரியாதையாகத்தான் கேட்டார். அப்பா கவ்வாத்துக் கத்தியைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“சேர் சொல்லிக் குடுத்ததுதாங்க சரி. புள்ள தெரியாமப் பேசிருச்சு.”

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. நாளைக்கு வகுப்பில் நான் பொய்க்காரி. விடுவதாக இல்லை. “அப்போ வாங்க சேர், நான் காட்டுறேன்” என்று முன்னால் நடந்தேன். “அவ புடிச்ச முயலுக்கு மூணே காலுங்க, மன்னிச்சுக்கங்க” என்று அம்மா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

கைவிட்ட மலையில் சேர் அண்ணாந்து பார்த்தார். கையை நீட்டினார், கிளை எட்டவில்லை. போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டார். மறுநாள், “நான் எழுதினது பிழை” என்று சொல்லி, எல்லாருடைய கொப்பியிலும் ‘செடி’யை வெட்டி ‘மரம்’ என்று எழுத வைத்தார்.

ஜெயித்தும் எனக்கு ஆறவில்லை. பயந்தாங்கொள்ளி அப்பா என்று இரண்டு நாள் அவரோடு பேசவேயில்லை. அதுவரைக்கும் காலில் சப்பாத்துப் போட்ட ஒருவரும் அப்பாவிடம் எதையும் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதில்லை, கேட்டதெல்லாம் விசாரணைதான் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.