கெட்டிமேளமும் ஜோகெட்டும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேளக்காரர்கள் மலையேறி வரமாட்டார்கள். கல்யாணத்துக்குக் கெட்டிமேளமே ரெக்கார்டுதான். அதைப் போட மலையடிவாரத்து ரிங்லெட் டவுனிலிருந்து ஒருவர் இரண்டு பிளேயரோடு லோரியில் வந்து இறங்குவார். ஒல்லி உடம்பு, தாடைவரை இறங்கிய கிருதா. ரெக்கார்டுக்குக் குளிரும் என்று தன் சுவெட்டரைக் கழற்றி அதற்குப் போர்த்திவிட்டு, பனியனோடு நடுங்கிக்கொண்டிருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் என் கல்யாணம். தாலி கட்டும் நேரம் பூசாரி கையைத் தூக்கினார். ரெக்கார்டுக்காரர் அவசரமாகக் கெட்டிமேளத்தைப் போட்டார். பக்கத்துப் பிளேயரில் ஓடிக்கொண்டிருந்த மலாய் ஜோகெட் ஆட்டப் பாட்டை நிறுத்த மறந்துவிட்டார். தவிலும் ஜோகெட்டும் ஒரே தாளத்தில் கைகோத்துக்கொண்டு கிளம்பிவிட்டன.

என் மாமனார் அந்தத் தோட்டத்துக் கங்காணி. "டேய், அந்த ஜோகெட்டை நிறுத்துடா!" என்று கத்தினார்.

"ரெண்டும் நல்லா சேர்ந்துருச்சுலா கங்காணி! தாலி கட்டுற நேரத்துல பிரிச்சா அபசகுனம்."

மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டார். நான் மூன்று முடிச்சையும் தாளம் தப்பாமல் போட்டேன்.

பிறகு அந்த ரெக்கார்டுக்காரர் கோலாலம்பூரில் ஏதோ நைட் கிளப்பில் பாட்டுப் போடுவதாகச் சொன்னார்கள். அங்கே எதை எதோடு சேர்த்துவைத்தாரோ, தெரியாது.

எங்கள் கல்யாணப் படம் மட்டும் இருக்கிறது. நான் தாலியோடு குனிந்திருக்கிறேன். பூசாரியின் இடுப்பு ஒரு பக்கமாக ஒடிந்திருக்கிறது. பின்னால் முறைத்துக்கொண்டு நிற்கும் மாமனாரின் ஒரு கால் தரையில் இல்லை.