கிளாவர் ஆறில் அமாவின் கை

என் தாய் கிளாவர் ஆறில் இருக்கிறாள்.

அமெரிக்காவில் ரீனோ என்ற சூதாட்ட நகரத்தின் பழைய புகைப்படங்களை அச்சிட்டு, வந்து போகிறவர்களுக்கு விற்கும் சீட்டுக்கட்டு அது. ஐம்பத்திரண்டு சீட்டு, ஐம்பத்திரண்டு படம். ஸ்பேடு ராஜாவில் ரயில் நிலையம். ஹார்ட் ராணியில் ஆற்றுப்பாலம். கிளாவர் ஆறில், 1966-இல் ஒரு கேசினோவின் ‘இருபத்தொன்று’ ஆட்ட மேசையில் நின்று சீட்டுப் போடும் பெண். கீழே ஒரு வரி: ‘வர்ஜீனியா தெரு. பெயர் தெரியாத டீலர்.’

பெயர் கிராசியானா எச்சார்ட். எனக்கு அமா, ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லை மலைகளிலிருந்து வந்த எங்கள் பாஸ்க் வீடுகளில் தாயை அப்படித்தான் கூப்பிடுவோம். இருபத்தாறு வருடம் டீலராக நின்றவள். மேசையை விட்டு விலகும்போது டீலர்கள் கையைத் தட்டி, உள்ளங்கையை விரித்து, ஒன்றும் ஒளிக்கவில்லை என்று காட்ட வேண்டும். அமா வீட்டில் பாத்திரம் கழுவி முடித்தாலும் அதைச் செய்வாள்.

2011-இல் அந்தக் கட்டை வாங்கி வந்தவள் லொரீன். பக்கத்து மேசையில் நின்ற பழைய தோழி. சீட்டை உருவி நீட்டிவிட்டுச் சிரித்தாள்.

“ஏ கிராசி, நீ எப்பலேர்ந்து பீச்சாங்கைக்காரி ஆன?”

அமா சீட்டை ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி அச்சாகியிருந்தது. கட்டு இடக்கையில் இருக்க வேண்டும். வலக்கை போட வேண்டும். முதல் சீட்டு டீலரின் இடப்பக்கக் கடைசி ஆளுக்குப் போக வேண்டும். படத்தில் கட்டு வலக்கையில். வலப்பக்கக் கடைசியில் இருக்கும் தொப்பிக்காரருக்கு முதல் சீட்டு போகிறது. வரிசை மாற்றிப் போடுகிறவள் யாருக்கோ வேண்டிப் போடுகிறாள் என்றுதான் மேசையில் அர்த்தம். அந்த நிமிடமே வேலை போகும்.

“என்னைத் திருடி மாதிரி போட்டு வச்சிருக்கானுங்கடி” என்றாள் அமா.

“யாருக்கு அமா தெரியப் போகுது?”

“இவளுக்குத் தெரிஞ்சுதுல்ல? மேசையில நின்ன ஒவ்வொருத்திக்கும் தெரியும்.”

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். இடம், வலம் என்று காட்டும் ஈய எழுத்தை வைக்காமல் ஒரு படமும் எடுத்ததில்லை. அது மாறினால் நல்ல காலை அறுத்துவிடுவார்கள். என் வேலையில் இது அரை நிமிடத்தில் திருத்தும் பிழை. ஒரு கடிதம் போதும் என்று நினைத்தேன்.

அமா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன்.

“பேரெல்லாம் வேணாம். பேரு இல்லாட்டி போகுது. கையைத் திருப்பச் சொல்லு, அவ்வளவுதான்.”

அவளுக்குத் தெரியாமல் இரண்டாவது கோரிக்கையாகப் பெயரையும் சேர்த்தேன். அச்சில் வரட்டுமே என்ற ஆசை.

கட்டை வெளியிட்டவர் ட்வைட் ப்ரூயிட். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் தொல்லை. போனில் பொறுமையாகப் பேசினார்.

“படத்துல எழுத்து எதுவும் திரும்பித் தெரியலையே மேடம். மாறியிருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?”

“சட்டையைப் பாருங்க சார். பொம்பளைங்க சட்டையில பொத்தான் இடப்பக்கம் இருக்கும். இதுல வலப்பக்கம் இருக்கு.”

“அடடே, ஆமா. அந்தம்மா சீட்டுக்கு உள்பக்கமாப் பார்க்கட்டும்னு டிசைன் பண்றவர் திருப்பியிருப்பார். அழகாத்தானே இருக்கு?”

“அழகு வேணாம். கை சரியா வேணும்.”

“அடுத்த அச்சுல பாத்துக்கலாம் மேடம்.”

2013-இல் அடுத்த அச்சு வந்தது. அதே படம். 2016-இலும் அதே படம். அதற்குள் பதினொரு கடிதம் போட்டிருந்தேன்.

இடையில், 2015-இல், அமாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம். ஸ்கேனை நானே திரையில் பார்த்தேன். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வலக்கை போய்விட்டது. பயிற்சி கொடுக்க வந்த பெண், பழகிய பொருள் ஏதாவது கொடுங்கள் என்றாள். சீட்டுக்கட்டைக் கொடுத்தேன். அமா மடங்கிக் கிடந்த வலக்கைக்குள் கட்டைச் செருகி, இடக்கையால் ஒரு சீட்டைத் தள்ளினாள். அது மேசையைத் தாண்டித் தரையில் விழுந்தது.

“பாருடி. இப்பத்தான் அந்தப் போட்டோ சரி” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

“அவனுக்கு எழுதினியா?”

“எழுதினேன் அமா.”

ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே கேள்வி, அதே பதில்.

2018 மார்ச்சில் இறந்தாள். பன்னிரண்டாவது கடிதத்தில் அதையும், பத்து நாள் கழித்து அடக்கமும் சாப்பாடும் என்பதையும் எழுதினேன். முதல் முறையாக ப்ரூயிட் தானே கூப்பிட்டார்.

“புது அச்சு வந்துடுச்சு மேடம். நீங்க கேட்டது அதுல இருக்கு. சாப்பாட்டு மேசைக்கு ஒண்ணுன்னு எட்டுக் கட்டு அனுப்புறேன். என்னோட மரியாதையா இருக்கட்டும்.”

அடக்கம் முடிந்து பாஸ்க் விடுதியில் மதியச் சாப்பாடு. உள்ளே நீள மேசைகளில் சூப்பும் ரொட்டியும் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறை வாசலில் நின்று ஒரு கட்டைப் பிரித்தேன்.

‘கிராசியானா எச்சார்ட், டீலர், 1966.’ எழுத்துப் பிழை இல்லை. கட்டு வலக்கையில். முதல் சீட்டு தொப்பிக்காரருக்கு.

நான் கேட்டது வந்துவிட்டது. அவள் கேட்டது வரவில்லை. இதுவரை தப்பாகச் சீட்டுப் போட்டவள் பெயரில்லாத யாரோ. இனி என் தாய்.

எட்டுக் கட்டையும் பிரித்துக் கிளாவர் ஆறை உருவத் தொடங்கினேன். லொரீன் வந்து நின்றாள்.

“என்ன பண்ற கண்ணு?”

சீட்டைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள்.

“கடங்காரன்” என்றாள். “அதுக்காக அம்பத்தோரு சீட்டை மேசையில வைப்பியா? உங்கம்மா கட்டைக் கையில எடுத்த உடனே குறையுதுன்னு சொல்லியிருப்பா.”

பேனாவை எடுத்தேன். படத்தில் ஒவ்வொரு கைக்கும் பக்கத்தில் இடம், வலம் என்று எழுதிவிடலாம். வேலையில் தினமும் செய்வதுதானே.

“குறி போட்ட கள்ளச் சீட்டா? நல்லாருக்குடி. அதுவும் அவ சாவுச் சாப்பாட்டுல.”

பேனாவை மூடினேன். எட்டுக் கட்டையும் காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டினேன். மேசைகளில் ரொட்டி மட்டும் இருந்தது.

திங்கட்கிழமை, வேலை இடைவேளையில் ப்ரூயிட்டைக் கூப்பிட்டேன்.

“பேரு சரியா வந்துச்சா மேடம்?”

“வந்துச்சு. அதை எடுத்துடுங்க.”

“நீங்கதானே கேட்டீங்க?”

“நான்தான் கேட்டேன். அவங்க கேட்கல. கையைத் திருப்புங்க சார். அதுவரைக்கும் பேரு வேணாம்.”

“அடுத்த அச்சுல பாத்துக்கலாம் மேடம்” என்றார், மிகவும் அன்பாக.

பதின்மூன்றாவது கடிதத்தை அன்று மாலையே எழுதினேன். இதில் நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை.