ஊசி விழுந்த பேருந்து

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் இருந்த அம்மா, முழங்கால் மூட்டில் அறுவை சிகிச்சை செய்த காலை நீட்டிவைத்து, தலையணை உறையில் பூ தைத்துக்கொண்டு வந்தார்.

“பஸ்ல போனாத்தான் எனக்குக் கை ஓடுது” என்றார்.

சின்னமனூரில் ஓட்டுநர் பிரேக் போட்டதும், அந்த அம்மா நூல் கோக்கவிருந்த ஊசியை விட்டுவிட்டு முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“ஊசி விழுந்துருச்சு. யாரும் காலக் கீழ வைக்காதீக. என்னால குனிய முடியாது.”

உட்கார்ந்திருந்த எல்லோரும் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். பிள்ளையோடு நின்றிருந்த பெண் அசையவே இல்லை. நான் இருக்கைக்கடியில் தேடிவிட்டு நிமிர்ந்தேன். ஊசி அந்த அம்மாவின் முழங்காலிலேயே குத்தி நின்றது. சேலையில் ஒரு சொட்டு ரத்தம்.

“வலிக்கலையாம்மா?”

“அங்கன இன்னும் மரத்துத்தான் கெடக்கு” என்று பிடுங்கித் துடைத்து, நூலைக் கோத்தார்.

கம்பம் வரும்வரை அவர் தைத்துக்கொண்டே வந்தார். நான்தான் என் முழங்காலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.