ஜெசிந்தா காட்டாத பின்பக்கம்

ஜெசிந்தா செத்துப்போனாள். இயற்கை எய்தினாள், இறைவனடி சேர்ந்தாள் என்றெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. நாற்பத்தாறு வயது... என் வயது.

நேற்று சாயங்காலம் அடக்கம் முடிந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் பார்க்கிற ஒரு கிளியரிங் ஆபீஸ். ஒன்பது வருஷமாக நானும் அவளும் அடுத்தடுத்த டேபிள். கன்டெய்னர் பேப்பரில் ஒரு நம்பர் மாறியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

தினமும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, "ஏளா, மாத்திரை போட்டியா?" என்று நான்தான் கேட்பேன். அவளுக்குச் சுகர். ஏழெட்டு வருஷமாக. எனக்கு நன்றாகத் தெரியும்... அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் லஞ்ச் டைமில் ரெண்டு பேரும் எம்பிராய்டரி கற்றுக்கொள்ள ஆரம்பித்தோம். டீச்சரெல்லாம் கிடையாது. என் போனில் யூடியூப், ரெண்டு மீட்டர் காடாத் துணி, ஆளுக்கொரு ஃப்ரேம். செயின் ஸ்டிச், ஹெர்ரிங்போன், பிரெஞ்சு நாட்... வாரத்துக்கு ஒன்று.

எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது. அவ்வளவுதான், நான் டீச்சராகிவிட்டேன்! "பின்பக்கத்தைக் காட்டு" என்பேன். முன்னால் யார் வேண்டுமானாலும் அழகாகப் போடலாம், பின்னால் நூல் சிக்கில்லாமல் இருக்க வேண்டும் என்று ஏதோ ஒரு வீடியோவில் கேட்டிருந்தேன்.

அவளுக்கு வேண்டியது புல்லியன் ரோஜா. ஊசியில் நூலை எட்டுச் சுற்று சுற்றி இழுத்தால் ஒரு இதழ். அவர்கள் தெருக் கோயிலில் திருவிழாவுக்கு மாதாவுக்குச் சேலை உடுத்துவார்கள். மகள் ஸ்டெஃபிக்கு வேலை கிடைத்தால் தன் கையால் ரோஜா போட்ட சேலை கொடுப்பதாக நேர்ந்திருந்தாள். வேலை கிடைத்துவிட்டது. திருவிழாவுக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

"கடையில குடுத்துப் போட்டா என்னளா?" என்று கேட்டேன்.

"கடைக்காரனா நேர்ந்தான்? நாந்தான நேர்ந்தேன்" என்றாள்.

ஆனால் ரோஜா அவளுக்கு வரவே இல்லை. ஊசி ஏறுகிற இடம் தப்பிக்கொண்டே இருந்தது. பார்த்தால், துணிக்கு அடியில் பிடிக்கிற இடது கையில், ஆள்காட்டி விரலில், ஆபீஸில் பேப்பர் எண்ணுகிற ரப்பர் உறையை மாட்டியிருக்கிறாள்.

"அதக் கழத்து மொதல்ல. ஊசி நுனி விரல்ல லேசாப் படணும், அப்பத்தான் இடம் தெரியும்" என்று பெரிய இவள் மாதிரி சொன்னேன்.

கழற்றிவிட்டாள். ரெண்டு நாள் கழித்து, "எனக்குப் படுததே தெரியமாட்டேங்கு சாந்தி" என்றாள்.

"பிராக்டிஸ் பத்தல. நூறு போடு, தன்னால தெரியும்."

படுவது தெரியவில்லை என்று ஒருத்தி சொல்கிறாள். விரல் மரத்துப்போகிற சுகர்காரி சொல்கிறாள். என் மரமண்டைக்கு அது ஸ்டிச் பற்றிய பேச்சாகவே கேட்டது.

அதற்குப் பிறகு வீட்டிலும் உட்கார்ந்து போட்டாள். பின்பக்கத்தைக் காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். கேட்டால் சட்டென்று பைக்குள் வைத்துவிடுவாள். "அங்கன ஒரே சிக்குளா, நீ வைவ" என்பாள்.

ரெண்டு வாரம் முன்னால், ஒரு வியாழக்கிழமை, அந்த விரல் வீங்கியிருந்தது. "ஊசி குத்திட்டு" என்றாள்.

"எல்லாருக்குந்தான் குத்துது. மஞ்சள வச்சிட்டு வேலையப் பாரு" என்றேன். அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை... சும்மா, சாக்குச் சொல்கிறேன்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் விளமீன் வாங்கி வந்திருக்கிறார். அவள்தான் நறுக்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போதுதான் அவர் கையையே பார்த்திருக்கிறார். விரல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு மணிக்கட்டு வரை. ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்... பதினோரு நாள்.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் அந்த மனுஷன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "நான் வாங்கிட்டு வந்த மீனுதான்... முள்ளு குத்துனத எங்கிட்டச் சொல்லாம இருந்துட்டா. நாந்தான் கொன்னுட்டேன்."

எல்லோரும் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். நானும் போய்ப் பிடித்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று காலை ஆபீஸில் அவள் டிராயரைக் காலி செய்யச் சொன்னார்கள். மாதாவுக்கு எடுத்த நீலச் சேலை, கவர் பிரிக்காமல். அதற்கு அடியில் அந்தக் காடாத் துணி. துணி நிறைய ரோஜா. கடைசி வரிசை என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

திருப்பினேன்.

ஒரு சிக்கு இல்லை. ஒவ்வொரு ரோஜாவுக்குப் பின்னாலும் காய்ந்த ரத்தப் பொட்டு. சிலதில் ரெண்டு, மூன்று. முன்பக்கம் இதழ் மறைத்துவிட்டது. நான் வைவேன் என்று மறைத்தாளா, நிறுத்தச் சொல்வேன் என்று மறைத்தாளா, தெரியவில்லை.

ஸ்டெஃபி, நீ என் ஃப்ரெண்ட் லிஸ்டில் இருக்கிறாய். இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு.

அண்ணே, வியாழக்கிழமையே வீங்கியிருந்தது. மீன் சனிக்கிழமைதான் வந்தது. முள் இல்லை. உறையைக் கழற்றச் சொன்னது நான்தான்.

நாளைக்கு நேரில் வருகிறேன். நீங்கள் கதவைத் திறக்காவிட்டாலும் வெளியே நின்று சொல்லிவிட்டுத்தான் போவேன்.

மற்றவர்கள் தயவுசெய்து கமெண்டில் எனக்கு ஆறுதல் எழுதாதீர்கள். கீழே இருக்கிற படம் அந்தத் துணியின் பின்பக்கம்.

பாத்துட்டேன் ஜெசி. சுத்தமா இருக்குளா. போயிட்டு வா.